எண் சொல்லும் கதை – 9: வொர்லியில் நின்ற வேன்

மெட்ராஸ் துறைமுகத்தை வளர்த்தெடுத்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காருக்கு 'எம்சி 1' என்ற எண் கிடைத்த கதையையும், கட்டட ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியாரின் கார் 'எம்சி 3' ஆன கதையையும் முந்தைய வாரங்களில் பார்த்தோம். அதற்கும் முன்னால், 1893 ஆகஸ்டில், மோட்டார் வண்டிக்காரர் ஒவ்வொருவரும் தன் பெயர், முகவரி, அனுமதி எண் மூன்றையும் ஓர் உலோகத் தகட்டில் பொறித்து வண்டியில் மாட்ட வேண்டும் என்று பாரிஸ் காவல்துறை உத்தரவிட்டது. வண்டிகள் பெருகப் பெருக, பெயரும் முகவரியும் தகட்டிலிருந்து இறங்கி அரசாங்கப் பதிவேட்டுக்குள் போய்விட்டன. வெளியே மிஞ்சியது எண் மட்டும்.

பெயர் இருக்கும் அந்தப் பதிவேட்டை யாரும் திறந்துபார்க்காத வரை, எண் வெறும் எண்தான். திறந்தால் என்ன ஆகும் என்பதை இந்தியா மறக்க முடியாதபடி கண்டுகொண்டது பம்பாயில். தாராவிக்குப் பக்கத்து ஊரான மாஹிமில்.

ஒரே சாலையில் இரண்டு காலங்கள்

1989 ஜூலை 1. புதிய மோட்டார் வாகனச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள்.

அதுவரை வண்டிகளுக்கு மூன்று எழுத்தும் நான்கு இலக்கமும்தான். பி என்று தொடங்கினால் பம்பாய். எம் என்று தொடங்கினால்? அங்கேதான் குழப்பம். எம்எஸ், எம்டி என்றால் மெட்ராஸ். எம்ஒய் என்றால் மைசூர். எம்பி என்றால் மத்தியப் பிரதேசம். 1960இல் பம்பாய் மாநிலம் பிரிந்து மகாராஷ்டிரம் பிறந்ததும் அதற்கும் எம் வரிசை எழுத்துகள் போயின. பட்டியல் கையில் இல்லாமல் எந்த வண்டி எந்த ஊர் என்று சொல்ல, சாலையிலேயே வாழ்ந்த லாரி ஓட்டுநர்களால்தான் முடியும்.

புதிய சட்டம் இதை நேராக்கியது. முதலில் மாநிலத்துக்கு இரண்டு எழுத்து, அடுத்து அலுவலகத்துக்கு இரண்டு இலக்கம், பிறகு வரிசை எழுத்து, கடைசியில் வண்டியின் எண். ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பும் என்பதால் ஆங்கில ஐ, ஓ இரண்டும் வரிசை எழுத்தில் வராது. பம்பாய்த் தீவு நகரம் எம்எச் 01 ஆனது, அலுவலகம் தார்தேவில். மேற்குப் புறநகர் எம்எச் 02; அலுவலகம் அந்தேரியில். கிழக்குப் புறநகர் எம்எச் 03. இன்று வடாலாவில் இருக்கிறது. தானே 04, புனே 12. தெற்கே திருநெல்வேலி டிஎன் 72, தூத்துக்குடி 69, நாகர்கோவில் 74.

தாராவியை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு சுவையான செய்தி கிடைக்கும். மாஹிமுக்கும் சயானுக்கும் நடுவே இருப்பதால் தாராவி எம்எச் 01. மித்தி ஆற்றைத் தாண்டினால் பாந்த்ரா, எம்எச் 02. சயானைத் தாண்டிக் கிழக்கே குர்லா, செம்பூர் போனால் எம்எச் 03. மூன்று எண்கள் முட்டிக்கொள்ளும் முனையில் நிற்கிறது அந்தக் குடியிருப்பு. ஆட்டோக்களுக்குத் தீவு நகருக்குள் அனுமதி இல்லை; பாந்த்ராவோடும் சயானோடும் அவை திரும்பிவிடும். அதற்குத் தெற்கே 'காலி பீலி' எனப்படும் கறுப்பு-மஞ்சள் டாக்சிதான். எந்த வண்டி எதுவரை போகும் என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

சட்டம் மாறினாலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வண்டிகள் பழைய எண்ணோடுதான் ஓடின. 1993இல் பம்பாய்ச் சாலைகளில் பழைய மூன்றெழுத்தும் புதிய எம்எச் வரிசையும் கலந்தே போய்க்கொண்டிருந்தன. சொந்த வண்டிக்கு அன்று கறுப்புப் பலகை, வெள்ளை எழுத்து. அப்படிப்பட்ட ஒரு வண்டியிடம்தான் இந்த வாரக் கதை வந்து நிற்கிறது.

எம்எஃப்சி 1972

1993 மார்ச் 12, வெள்ளிக்கிழமை. பிற்பகல் ஒன்றரை மணி.

பம்பாய்ப் பங்குச் சந்தைக் கட்டடத்தின் அடித்தளத்தில் முதல் குண்டு வெடித்தது. அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு ஊர் முழுக்க வெடித்துக்கொண்டே இருந்தது. மாஹிம் காஸ்வே ஓரம் மீனவர் குடியிருப்பின் மீது கையெறி குண்டுகள் விழுந்தன. வொர்லி செஞ்சுரி பஜார் அருகே வெடித்த குண்டு சாலையைப் பிணக்குவியலாக்கியது. அன்று இறந்தவர்கள் 257 பேர். காயம்பட்டவர்கள் 700 பேருக்கும் மேல். அதற்கு முந்தைய டிசம்பர், ஜனவரிக் கலவரங்களின் புண் தாராவியில் இன்னும் ஆறியிருக்கவில்லை. அதற்குள் இது.

யார் செய்தது? ஆர்டிஎக்ஸ் எங்கிருந்து வந்தது? முதல் சில மணி நேரம் காவல்துறையின் கையில் எதுவும் இல்லை.

வொர்லியில் சீமென்ஸ் அலுவலகத்தின் பக்கம் ஒரு மாருதி வேன் கேட்பாரற்று நின்றது. உள்ளே ஏகே-56 துப்பாக்கிகள், கையெறி குண்டுகள். வண்டிக்கு முன்னும் பின்னும் எண் அப்படியே இருந்தது: எம்எஃப்சி 1972.

அந்தக் கணத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஆயுதங்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டவர்கள் எண்ணை மாற்றவில்லை. பலகையைக் கழற்றவில்லை. மூன்றெழுத்து, நான்கு இலக்கம், கறுப்புத் தகடு. அதைப் படித்து ஆர்டிஓ பதிவேட்டில் தேட ஒரு ஆள் போதும். அன்று கணினித் திரை இல்லை, கனமான பேரேடுகள்தான். பக்கத்தைப் புரட்டியதும் பெயர் கிடைத்தது. முகவரியும் கிடைத்தது. மாஹிம், அல் ஹுசைனி கட்டடம். மேமன் குடும்பத்துப் பெண்ணொருவர் பெயரில் வண்டி.

வழக்கைக் கையில் எடுத்த ராகேஷ் மாரியா அப்போது போக்குவரத்துப் பிரிவின் துணை ஆணையர். அவருடைய குழு மாஹிமுக்குப் போனபோது வீடு பூட்டிக் கிடந்தது. குடும்பம் நாட்டை விட்டே போயிருந்தது. சோதனையில் ஒரு ஸ்கூட்டர் சாவி கிடைத்தது. தாதர் நாய்காவ் பக்கம் வெடிக்காமல் நின்ற ஸ்கூட்டர் ஒன்றில் அந்தச் சாவி பொருந்தியது. பின்னர் முக்கியக் குற்றவாளியாகத் தேடப்பட்ட டைகர் மேமனின் பெயர் அங்கிருந்துதான் விசாரணைக்குள் வந்தது.

ஒரு நம்பர் பிளேட்டால் வழக்கே துலங்கிவிட்டது என்று சொன்னால் அது மிகை. கைதுகள், வாக்குமூலங்கள், ஆண்டுக்கணக்கில் நடந்த தடா நீதிமன்ற விசாரணை எல்லாம் அதற்குப் பின்னால் இருக்கின்றன. ஆனால் முதல் நூல் முனை அந்தத் தகடுதான். அது உண்மையான தகடாக இருந்ததால்தான் முனை கிடைத்தது. பொய்த் தகடாக இருந்திருந்தால்?

பொய்யை எப்படித் தடுப்பது?

அன்றைய நம்பர் பிளேட் எப்படிச் செய்யப்பட்டது என்று நினைத்துப் பார்த்தால் அந்தக் கேள்வியின் கனம் புரியும். தெரு முனைக் கடையில் பெயின்டர் உட்கார்ந்திருப்பார். ஒரு தகரத் துண்டு, எனாமல் பெயின்ட் இரண்டு டப்பா, அணில் வால் முடி பிரஷ். நீங்கள் சொன்ன எண்ணை எழுதிக் காயவைத்துத் தருவார். பிறகு ரேடியம் ஸ்டிக்கர் கடைகள் வந்தன. எழுத்தை வெட்டி ஒட்ட கால் மணி நேரம் போதும். ஆர்சி புத்தகத்தைக் காட்டு என்று கேட்கும் வழக்கமே அங்கே இல்லை.

மகாராஷ்டிரத்தில் இன்னொரு மோகமும் சேர்ந்துகொண்டது. 4141 என்ற எண்ணைக் கொஞ்சம் வளைத்து எழுதினால் தேவநாகரியில் 'தாதா' என்று படிக்கலாம். 214 'ராம்' ஆகும். 8055 ஆங்கிலத்தில் 'பாஸ்' ஆகும். எண் ஆங்கில எழுத்திலும் அரபு இலக்கத்திலும்தான் இருக்க வேண்டும் என்று விதி தெளிவாகச் சொல்கிறது. ஆசைப்பட்டு வளைத்தவர்களில் பலர் நல்ல மனிதர்கள். ஆனால் விபத்து செய்துவிட்டு ஓடும் வண்டியின் எண்ணைப் படிக்க முடியாமல் போனால், அடிபட்டவருக்கு இழப்பீடு வாங்கித் தரக்கூட வழியில்லை. இதை ஓர் அலங்கார விஷயமாக எடுத்துக்கொள்ள முடியாது.

2001 மார்ச்சில் மத்திய அரசு விதியைத் திருத்தியது. உயர் பாதுகாப்புப் பதிவுத் தகடு பிறந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 13 அன்று உள்துறை அமைச்சகத்தின் போலி ஸ்டிக்கர் ஒட்டிய வெள்ளை அம்பாசடர் காரில் வந்தவர்கள் நாடாளுமன்றத்தைத் தாக்கினார்கள். வண்டியின் மேல் ஒட்டியிருப்பதை நம்பி வழிவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

இருந்தும் மாநிலங்கள் அசையவில்லை. டெண்டர் தகராறுகள், வழக்குகள். பயங்கரவாத எதிர்ப்பு முன்னணியின் எம்.எஸ். பிட்டா உச்ச நீதிமன்றம் போனார். நீதிமன்றம் மாநிலங்களைக் கண்டித்தது. 2019 ஏப்ரல் 1 முதல் புதிய வண்டிகள் இந்தத் தகட்டோடுதான் வெளியே வர வேண்டும் என்றானது. அதற்கு முன் வாங்கிய வண்டிகளுக்கு மகாராஷ்டிரம் முதலில் வைத்த கெடு 2025 மார்ச் 31. அது ஏப்ரல், ஜூன், ஆகஸ்ட் என்று தள்ளிக்கொண்டே போனது. கட்டணம் இருசக்கர வண்டிக்கு 450 ரூபாய், மூன்று சக்கரத்துக்கு 500, மற்றவற்றுக்கு 745, ஜிஎஸ்டி தனி.

அந்தத் தகட்டை ஒரு முறை கிட்டத்தில் குனிந்து பாருங்கள். அலுமினியம். எழுத்து அச்சில் அழுத்திப் புடைத்திருக்கும். அதன் மேல் ஓடும் மெல்லிய படலத்தில் சாய்வாக 'இந்தியா' என்று சிறிதாகத் திரும்பத் திரும்ப வரும். இடது மேல் மூலையில் 20 மில்லிமீட்டருக்கு 20 மில்லிமீட்டர் குரோமிய ஹாலோகிராமில் அசோகச் சக்கரம். அதே பக்கம் நீல நிறத்தில் 'ஐஎன்டி'. அடியில் லேசரால் பொறித்த தனி எண், பத்து இலக்கம். வண்டி எண்ணோடு சேர்த்து அதுவும் கணினியில் பதிவாகும். திருகாணி கிடையாது. மாட்டும் பூட்டு ஒரு முறை 'டக்' என்று உள்ளே போனால் போனதுதான். கழற்ற வேண்டுமானால் உடைக்க வேண்டும். எனாமல் டப்பாவோடு உட்கார்ந்திருந்த பெயின்டரின் தொழில் அந்தச் சத்தத்தோடு முடிந்தது.

90 அடி சாலையில் ஒரு காலை

இனி நிறங்களுக்கு வருவோம். இதற்குத் தாராவியைவிட நல்ல இடம் இல்லை.

விடிவதற்கு முன் முதலில் புறப்படுவது இட்லிக்காரர்கள். சைக்கிளின் பின்னால் பெரிய அலுமினியப் பாத்திரம், சட்னி வாளி, 'பாம் பாம்' என்று ஹாரன். சைக்கிளுக்கு எண் பலகை கிடையாது. ஊருக்கே காலைச் சோறு கொண்டுபோகும் அந்த வண்டி எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

கொஞ்சம் வெளிச்சம் வந்ததும் மறுசுழற்சிப் பட்டறைகள் நிறைந்த 13 காம்பவுண்டுக்குப் பழைய பிளாஸ்டிக் ஏற்றிய டெம்போக்கள் வரும். மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து: கூலிக்கு ஓடும் வண்டி என்று பொருள். அதன் வரி, பர்மிட், தகுதிச் சான்று எல்லாம் தனி. டாக்சிக்கும் இதே மஞ்சள்தான். அந்த டாக்சிகளில் ஒன்றை இங்கே நினைக்காமல் போக முடியாது. காலி பீலியாகப் பதிவான கடைசி பிரீமியர் பத்மினி, எம்எச் 01 ஜேஏ 2556. தார்தேவில் 2003 அக்டோபர் 29 அன்று எழுதிக்கொள்ளப்பட்டது. மும்பையில் டாக்சிக்கு ஆயுள் 20 ஆண்டு. 2023 அக்டோபர் 29 தாண்டியதும் பத்மினிகளின் காலம் மும்பையில் முடிந்தது. ஒரு தலைமுறை முழுக்கக் குடும்பத்தோடு ஏறிய டாக்சி எந்த நாளில் விடைபெறும் என்பதையும் பதிவேடுதான் தீர்மானித்தது.

வெள்ளைப் பலகை, கறுப்பு எழுத்து: சொந்த வண்டி. 90 அடி சாலையில் ஓரமாக நிற்கும் பைக்குகளில் பெரும்பாலானவை இவை. பச்சைப் பலகை மின்சார வண்டிக்கு, 2018 முதல். எழுத்து வெள்ளை என்றால் சொந்த வண்டி, மஞ்சள் என்றால் வாடகை வண்டி. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து என்றால் நாமே ஓட்டிக்கொள்ளும் வாடகைக் கார். சிவப்புப் பலகை, வெள்ளை எழுத்து என்றால் விற்பனையாளரிடம் இருக்கும் வண்டி. மஞ்சளில் சிவப்பு எழுத்து தற்காலிகப் பதிவு.

சயான் – பாந்த்ரா இணைப்புச் சாலைத் தோல் கடைகளின் முன்னால் நின்றால், எப்போதாவது நீலப் பலகை ஒன்று கடந்து போகும். மித்திக்கு அந்தப் பக்கம் பாந்த்ரா – குர்லா வளாகத்தில் அமெரிக்கத் துணைத் தூதரகம் இருக்கிறது. அதன் வண்டியில் 77 என்று நாட்டு எண்ணும், சிசி என்ற எழுத்தும் இருக்கும். மாநிலத்தின் பெயர் இருக்காது. ராணுவ வண்டிக்கும் அப்படியே: மேல்நோக்கிய அம்புக்குறி, ஆண்டு, வரிசை எண். அதுவும் எந்த மாநிலத்துக்கும் உரியதில்லை.

ஊர் சொல்ல வேண்டியதில்லாத வண்டிகள் என்று ஒரு வகை இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

"என்ன அண்ணாச்சி, ஊர் நம்பரா?"

தாராவியில் டிஎன் 72 பைக் ஒன்று நின்றால் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்கும் கேள்வி இது. பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஆமா தம்பி, மாத்தணும்."

மாற்றத்தான் வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவுப்படி, வேறு மாநிலத்துக்குக் கொண்டுவந்த வண்டி 12 மாதத்துக்கு மேல் அங்கே இருந்தால் புதிய எண் வாங்க வேண்டும். அதற்கு முதலில் திருநெல்வேலி ஆர்டிஓவிடம் என்ஓசி. கடன் பாக்கி இருந்தால் நிதி நிறுவனத்தின் சம்மதம். பிறகு மகாராஷ்டிரத்துக்குச் சாலை வரி. ஏற்கெனவே 15 ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டிய தமிழ்நாட்டு வரியில் மீதியைத் திரும்பக் கேட்டு ஊருக்கு ஒரு நடை. தினக்கூலிக்காரருக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் சம்பளம்.

2021 செப்டம்பர் 15 அன்று இதற்கு ஒரு விடை வந்தது: பிஎச் வரிசை. பாரத் என்பதன் சுருக்கம். முதலில் ஆண்டு, அடுத்து பிஎச், பிறகு எண். எந்த மாநிலத்துக்குப் போனாலும் எண் மாறாது. வரியை இரண்டு இரண்டு ஆண்டாகக் கட்டலாம். 10 லட்சம் ரூபாய்க்குக் குறைந்த வண்டிக்கு 8 சதவீதம் என்ற கணக்கு. ஊர்விட்டு ஊர் போகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தகடு இருக்க முடியாது.

ஆனால் யாருக்கு? ராணுவத்தினர், மத்திய மாநில அரசு ஊழியர்கள், பொதுத்துறை ஊழியர்கள், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவனத்தின் ஊழியர்கள். மாட்டுங்காவிலோ செம்பூரிலோ குடியிருக்கும் வங்கி அதிகாரிக்குக் கிடைக்கும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் தோல் பதனிடும் வேலைக்கு வந்து, கோடை விடுமுறைக்கு ஊர், மழைக்கு முன் தாராவி என்று வாழும் குடும்பத்துக்குக் கிடைக்காது. தோல் பட்டறையும் இட்லி அடுப்பும் நான்கு மாநிலத்தில் கிளை வைக்காது.

இந்த நாட்டில் மாநிலம் விட்டு மாநிலம் அதிகம் போகிறவர்கள் கூலி வேலைக்குப் போகிறவர்களே. மாற்றல் உத்தரவோடு போகிறவர்களுக்குத் தகடு செய்த சட்டம், வேலை தேடிப் போகிறவர்களை விட்டுவிட்டது. இது திருத்தப்பட வேண்டிய குறை என்பதில் இந்தத் தொடருக்கு ஐயமில்லை. ஆதாரும் வாடகை ஒப்பந்தமும் காட்டினால் போதும் என்று விதியில் ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும்.

இதற்கு நேர் எதிரான ஒரு காட்சி 2024 ஜூனில் தமிழ்நாட்டில் அரங்கேறியது. வெளிமாநிலப் பதிவு எண்ணோடு தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்த 547 ஆம்னி பேருந்துகளை நிறுத்தப் போக்குவரத்துத் துறை உத்தரவிட்டது. அவற்றில் பல நாகாலாந்து எண் தாங்கியவை. சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே மட்டும் ஓடும் பேருந்து அது. கோஹிமா மலைப்பாதையை அதன் ஓட்டுநர் கண்ணால் கண்டிருக்கவும் மாட்டார்.

தாராவித் தொழிலாளியின் பைக்குக்கு 12 மாதக் கெடு வைத்த அதே சட்டத்தின் கீழ், இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மாநிலத்தின் எண்ணை அந்தப் பேருந்துகள் எப்படிப் பெற்றன? வழியைத் திறந்துவிட்டது யார்?

(அடுத்த வாரம்)